பார்லர் தந்த வெள்ளை டப்பா, கால் வீக்கம்: முதலில் பார்க்க வேண்டியது சிறுநீரை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவு. தங்கைக்கு 24 வயது. கல்யாணம் நிச்சயமானதும் பார்லரில் லேபிள் இல்லாத ஒரு வெள்ளை டப்பாவில் கிரீம் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மாதமாக இரவில் முகத்துக்கும் கைகளுக்கும் போடுகிறாள். மூன்றாவது வாரமே நிறம் நன்றாக வெளுத்துவிட்டது. இப்போது ஒரு நாள் விட்டாலும் முகம் சிவந்து எரிகிறது. காலையில் கண்ணிமை உப்பியிருக்கிறது, மாலையில் செருப்பு வார் காலில் பதிகிறது. அதில் பாராபென் என்ற பதப்படுத்தி, சல்பேட் என்ற நுரைப்பொருள் இருக்குமோ, கெமிக்கல் இல்லாத கிரீம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளைத் தோல் மருத்துவம் படித்த யார் கேட்டாலும் பாராபெனை நினைக்க மாட்டார்கள். முகம் ஸ்டீராய்டைக் காட்டுகிறது, கால் பாதரசத்தைக் காட்டுகிறது. அதனால் நீங்கள் கேட்டதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, கேட்காததிலிருந்து தொடங்குகிறேன்.

இன்றிரவே அந்த டப்பாவை நிறுத்திவிடுங்கள். ஆனால் தூக்கிப் போடாதீர்கள், அது பின்னால் தேவைப்படும். நாளைக் காலை எழுந்ததும் போகிற முதல் சிறுநீரில், தொடக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ரத்தம் கலந்தால் புரதம் கூடுதலாகக் காட்டும். கேட்க வேண்டிய சோதனைகள்: சாதாரண யூரின் டெஸ்ட், சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதம் (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு), ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம், கிரியேட்டினின், கொலஸ்ட்ரால். கூடவே ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். இந்த இடத்தில் பலரும் தவறுகிறார்கள். "கிட்னி டெஸ்ட் எடுங்கள்" என்றால் ரத்தத்தில் கிரியேட்டினின் மட்டும் எடுத்து, அது 0.8 என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பாதரசம் உண்டாக்கும் இந்த வகைச் சிறுநீரக நோயில் ஆரம்பத்தில் கிரியேட்டினின் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கசிவது புரதம். அதைச் சிறுநீரில் தேடினால்தான் தெரியும். விகிதம் 0.2க்குள் இருந்தால் புரதம் கசியவில்லை என்று பொருள். 3ஐத் தாண்டி, ரத்த அல்புமின் 3க்குக் கீழே இறங்கி, கொலஸ்ட்ரால் ஏறியிருந்தால் அது நெஃப்ரோடிக் நிலை, அதாவது புரதம் பெருமளவில் கசியும் நிலை. அன்றே சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடையில் எந்த எண் வந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டியதுதான், ஒரு வாரத்துக்குள் போனால் போதும்.

சோதனை முடிவுக்குக் காத்திராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலைகளும் உண்டு: மூச்சு வாங்குதல், ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், விடாத கடுந்தலைவலி, வலிப்பு, சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோதல். சிறுநீரில் அல்புமின் நிறையப் போகும்போது ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, உறைகட்டிகள் நுரையீரலுக்குப் போகலாம், மூளையின் சிரைகளிலும் உருவாகலாம். அரிதுதான், ஆனால் உயிர் போகிற அரிது.

ஒரு டப்பா கிரீம் எப்படிச் சிறுநீரகம் வரை போகிறது என்று கேட்பீர்கள். தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதைத் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்குத் தாமிரம் வேண்டும். பாதரசம் அந்தத் தாமிரத்தின் இடத்தைப் பிடித்து நொதியை முடக்கிவிடுகிறது. செலவு குறைவு, வேலை வேகம். அதனால்தான் நூறு ஆண்டுக்கு மேலாகியும் இது சந்தையை விட்டுப் போகவில்லை. கிரீம்களில் பெரும்பாலும் சேர்ப்பது கலோமெல் எனப்படும் மெர்குரஸ் குளோரைடு, சித்த மருத்துவத்தில் பூரம் என்று சொல்லும் அதே பொருள். அம்மோனியா கலந்த பாதரச உப்பும் சேர்ப்பதுண்டு. தோல் வழியாகவும் மயிர்க்கால்கள் வழியாகவும் இது உள்ளே போய், மற்ற எந்த உறுப்பைவிடவும் சிறுநீரகத்தில் அதிகமாகத் தங்குகிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணுக்கான பொருட்கள் தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம் 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. 20 கிராம் டப்பாவில் அது 0.02 மில்லிகிராம். உலகெங்கும் பிடிபடும் கள்ளக் கிரீம்களில் 10 லட்சத்துக்கு 10,000 பங்குக்கு மேல் இருந்த டப்பாக்கள் உண்டு. அப்படிப்பட்ட 20 கிராம் டப்பாவில் 200 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். சட்டம் அனுமதிப்பதைப்போல் பத்தாயிரம் மடங்கு.

சிறுநீரகப் பாதிப்பு வெறும் யூகம் இல்லை. 1972இலேயே நைரோபியில் நெஃப்ரோடிக் நோயோடு வந்த பெரியவர்களில் பலர் பாதரசக் கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற நோயோடு வந்த 22 பேரைச் சிறுநீரக மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வில் எதிர்ப்பொருட்கள் படிந்து புரதம் கசியும் நோய் இது. அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதத்துக்கு எதிரான வகை. அந்த 15 பேரில் 13 பேர் நோய் தொடங்குமுன் வெளுப்புக் கிரீம் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். சாதாரணமாக அரிதாகக் காணப்படும் நெல்-1 வகை இப்படி ஒரே இடத்தில் குவிந்ததுதான் மருத்துவர்களை உலுக்கியது. பெரும்பாலானவர்களுக்குக் கிரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது. ஒருவருக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டது. பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கும் இதே நெல்-1 வகை வருவதை 2022இல் சென்னையின் சிறுநீரக நோய்க்கூறு நிபுணர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் தங்கை செந்தூரம், பஸ்பம் ஏதாவது சாப்பிடுகிறாளா என்றும் கேளுங்கள். "உடம்பில் உள்ள விஷத்தை எடுக்கிறேன்" என்று இப்போது புதிதாக அப்படி எதையும் தொடங்க வேண்டாம்.

இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு முகச் சிவப்பும் கால் வீக்கமும் சேர்ந்து வந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் இல்லை என்பதையும் உறுதி செய்தாக வேண்டும். அதிலும் கன்னம் சிவக்கும், வெயில் பட்டால் கூடும், சிறுநீரில் புரதம் போகும். கிரீம்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு அதைத் தவறவிட்டால் பெரிய இழப்பு. சிறுநீரில் புரதம் இருந்தால் ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனையையும் சி3, சி4 என்ற ரத்தப் புரதங்களின் அளவுகளையும் மருத்துவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே நினைவூட்டுங்கள். மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தைராய்டு குறைவு, கர்ப்பம், கால் வீக்கத்தை உண்டாக்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. எழுத்தைப் படித்து மட்டும் இவற்றை என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, யாராலும் முடியாது.

பாதரசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தத்தைவிடச் சிறுநீரில் பார்ப்பதே சரி. ரத்தத்தில் வரும் எண்ணில் மீன் சாப்பிட்டதால் சேர்ந்த பாதரசமும் கலந்திருக்கும். கிரீமில் உள்ள உப்பு வகை சிறுநீரில்தான் நன்றாகத் தெரியும். உலோகம் கலக்காத பிரத்யேகக் குப்பியை ஆய்வகமே தரும், அதில்தான் பிடிக்க வேண்டும். முடிவைக் கிரியேட்டினினோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் அன்று குடித்த தண்ணீரைப் பொறுத்து எண் மாறும். பாதரசத்தோடு தொடர்பு இல்லாதவர்களுக்கு ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருப்பது வழக்கம். 20ஐத் தாண்டினால் எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எண் குறைவாக வந்தாலே கிரீம் குற்றமற்றது என்று ஆகிவிடாது. உடம்பில் உள்ள பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பாதியாகக் குறையும். நிறுத்தி ரொம்ப நாள் கழித்து எடுத்தால் தடயம் மங்கிவிடும். எண்ணுக்கும் நோயின் கடுமைக்கும் நேரான தொடர்பும் கிடையாது. நோயெதிர்ப்பு வழியாக வரும் பாதிப்பு என்பதால் சிலருக்குக் குறைந்த அளவே போதும்.

வீட்டில் மற்றவர்களையும் கவனிக்க வேண்டும், இதைப் பலர் சொல்வதில்லை. பூசிய தோலிலிருந்தும் தலையணை உறை, துண்டு ஆகியவற்றிலிருந்தும் பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், கையோடு ஒட்டிக் குழந்தைகளுக்கும் போகும். கிரீமையே தொடாத குழந்தைகளுக்குச் சிறுநீரில் பாதரசம் அதிகமாக இருந்ததாக அமெரிக்காவில் பதிவுகள் உண்டு. தங்கையோடு ஒரே படுக்கையில் தூங்கும் குழந்தைக்குக் காரணமில்லாமல் கை கால் சிவந்து வலி, தூக்கமின்மை, எரிச்சல், ரத்த அழுத்தம் என்று வந்தால் குழந்தை மருத்துவரிடம் இந்தக் கிரீமைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் விரல் நடுக்கம், மறதி, எரிந்துவிழும் சுபாவம், ஈறு வீக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். தலையணை உறையையும் முகம் துடைத்த துண்டையும் மூடிய பையில் போட்டு வீட்டை விட்டு அப்புறப்படுத்துவது நல்லது. பழையது என்று குழந்தைக்குத் துடைக்கத் துணியாக்கிவிடாதீர்கள்.

பாதரசம் உறுதியானால் சிகிச்சை என்ன? முதல் சிகிச்சை கிரீமை நிறுத்துவது. புரதக் கசிவைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரைகளைச் சிறுநீரக மருத்துவர் தருவார், உப்பைக் குறைக்கச் சொல்வார். நெல்-1 வகையில் பலருக்கு இவ்வளவே போதுமானதாக இருந்திருக்கிறது, ஆனால் கசிவு முழுக்க நிற்கச் சில மாதங்கள் ஆகும். பாதரசத்தை வெளியேற்றும் கீலேஷன் மருந்து யாருக்குத் தேவை என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. நரம்பு அறிகுறிகள் இருந்தாலோ எண் மிக அதிகமாக இருந்தாலோ கொடுக்கிறார்கள். சிறுநீரகம் மட்டும் பாதித்திருந்தால் அது கூடுதல் பலன் தருகிறதா என்பது உறுதியாகவில்லை. கல்யாணம் ஆகப்போகும் பெண் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: பாதரசம் கருவுக்குப் போகும். சிறுநீரில் அளவு இயல்புக்கு வந்து, புரதக் கசிவும் நிற்கும் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது அவசியம். புரதக் கசிவுக்குத் தரும் அந்த மாத்திரைகளும் கர்ப்பத்தில் ஆகாதவை. இதைத் தங்கையிடம் தனியாக, மென்மையாகச் சொல்லுங்கள்.

இனி முகம். ஒரு நாள் விட்டால் சிவந்து எரிகிறது என்பது ஸ்டீராய்டுக்குப் பழகிய முகத்தின் அடையாளம். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்றவை ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் பூசியதும் முகம் வெளுக்கும், பரு அடங்கும், எல்லோரும் "என்ன பளிச்சுனு இருக்கே" என்பார்கள். மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிகிறது, நுண் குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சிவப்புக் கோடுகளாகத் தெரிகின்றன, கன்னத்தில் முடி வளர்கிறது, ஒரே அளவிலான சின்னப் பருக்கள் வாயைச் சுற்றி முளைக்கின்றன. நிறுத்தினால் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள், உடனே அடங்கும். கிரீம்தான் மருந்து, நிறுத்தியதுதான் நோய் என்று நம்பிவிடுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு வைத்துப் போராடிவருகிறது. 2011இல் வெளியான ஆய்வில் நாட்டின் 12 மையங்களில் முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடையில் சீட்டு கேட்கிறார்களா என்பது உங்களுக்கே தெரியும்.

சட்டென நிறுத்துவதா, படிப்படியாகவா? இதில் இரண்டு பக்கமும் அனுபவமுள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள். எந்த ஸ்டீராய்டு என்று பெயர் தெரிந்த ட்யூபாக இருந்தால், அதைவிட வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோன் போன்றதற்கு மாறி, நாள்விட்டு நாள் என்று சில வாரங்களில் இறக்குவது வலியைக் குறைக்கும். உங்கள் தங்கை கையில் இருப்பது பெயரில்லாத டப்பா. பாதரசமும் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு அதையே "கொஞ்சம் கொஞ்சமாக" பூசச் சொல்ல முடியாது. இறக்க வேண்டியிருந்தால் தோல் மருத்துவர் எழுதித் தரும் வேறு களிம்பால் இறக்கட்டும். நிறுத்திய சில நாளில் சிவப்பு தொடங்கும், பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும். முழுக்க அடங்க மாதங்கள் ஆகலாம், வழியில் திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்கும். இது தெரியாமல்தான் பத்தாம் நாளில் பலர் தோற்றுப்போய் பழைய டப்பாவை எடுக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, வாசனையில்லாத மாய்ஸ்சுரைசர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வெளியே போகும்போது துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன், இவ்வளவுதான் வீட்டில் செய்ய வேண்டியது. டாக்ரோலிமஸ் களிம்பு, பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை போன்றவற்றை மருத்துவர் தேவைக்கேற்பத் தருவார். ஃபேஷியல், ப்ளீச், ஸ்கிரப், எலுமிச்சை, கடலை மாவுத் தேய்ப்பு எதுவும் இந்த மாதங்களில் வேண்டாம். கைகளிலும் ஐந்து மாதம் பூசியிருப்பதால், நிறுத்திய பின் கடும் சோர்வு, எழுந்தால் தலைசுற்றல், வாந்தி இருந்தால் காலை எட்டு மணிக்குக் கார்ட்டிசால் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு அடங்கியிருக்கலாம்.

மூன்றாவதாக ஹைட்ரோகுயினோன் என்ற வெளுப்பு மருந்து இருக்கவும் வாய்ப்புண்டு. தவறான கையில்தான் இது கெட்டது. மங்கு எனப்படும் முகக் கருந்திட்டுக்குத் தோல் மருத்துவர்கள் இரண்டு முதல் நான்கு சதவீதத்தில் சில மாதங்களுக்குத் தருவார்கள், நல்ல பலன் உண்டு. வருடக்கணக்கில் வெயிலோடு பூசினால் கன்னத்தில் சாம்பலும் நீலமும் கலந்த கருமை படிகிறது. அதை ஓக்ரோனோசிஸ் என்பார்கள். அதற்குச் சிகிச்சை மிகக் கடினம். மங்கு கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பூசுவார்கள், இன்னும் கறுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் தோல் வெளுப்பு அழகுசாதனங்களில் இதை 2001இல் தடை செய்தது.

அந்த டப்பாவில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில், உலோகங்களை நுணுக்கமாக அளக்கும் ஐசிபி–எம்எஸ் முறையில் பாதரசம் பார்க்கிறார்கள். ஸ்டீராய்டுக்கு வேறு முறை, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். வீட்டில் தங்க மோதிரத்தைத் தேய்த்துப் பார்ப்பது போன்ற காணொளிகளை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள். லேபிள் உள்ள கிரீமில் பார்க்க வேண்டியவை: தயாரிப்பாளர் முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி மாதம், உட்பொருள் பட்டியல், வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் மீது படக் கூடாது என்ற எச்சரிக்கை இருந்தால் அது பாதரசத்துக்கான குறிப்பு. இரண்டே வாரத்தில் வெளுப்பு என்ற வாக்குறுதியும், இன்ஸ்டாகிராம் வழியாக மூலிகைக் கிரீம் என்று வரும் லேபிளற்ற டப்பாவும் அதே சந்தேகத்துக்கு உரியவை. பாதரச வெளுப்புக் கிரீம்களை மினமாட்டா என்ற சர்வதேசப் பாதரச உடன்படிக்கை தடுக்கிறது, இந்தியா அதில் 2018இலேயே சேர்ந்துவிட்டது. உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் டப்பாவோடு எழுத்தில் புகார் கொடுங்கள். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. பார்லர் அக்காவுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். மொத்தமாக வாங்கிச் சின்ன டப்பாக்களில் பிரித்துக் கொடுப்பது வழக்கம். எங்கே வாங்கினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே டப்பா இன்னும் எத்தனை பெண்கள் வீட்டில் இருக்கிறதோ.

இப்போது பாராபென். 2004இல் மார்பகக் கட்டிகளில் பாராபென் இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது, பயம் அங்கிருந்து பரவியது. கட்டி இல்லாத திசுவில் எவ்வளவு இருந்தது என்று அதில் ஒப்பிடவில்லை, புற்றுநோயை உண்டாக்கியது என்றும் அது காட்டவில்லை. ஈஸ்ட்ரஜன் போன்ற செயல் பாராபெனுக்கு உண்டு, ஆனால் உடம்பின் ஈஸ்ட்ரஜனைவிடப் பல்லாயிரம் மடங்கு பலவீனமானது. நீண்ட காலத்தில், பல பொருட்கள் சேரும்போது என்ன ஆகும் என்பதில் உண்மையாகவே சந்தேகம் இருக்கிறது. அதனால்தான் ஐரோப்பா 2014இல் ஐந்து வகைப் பாராபென்களைத் தடை செய்து, புரொப்பைல், பியூட்டைல் வகைகளை 0.14 சதவீதத்துக்கு இறக்கியது. மெத்தில், எத்தில் வகைகளை 0.4 சதவீதம் வரை விட்டுவைத்தது. பாராபென் இல்லை என்று எழுதுவதற்காகப் பல நிறுவனங்கள் மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற வேறொரு பதப்படுத்திக்கு மாறின. ஐரோப்பாவில் அது அலர்ஜி அலையையே கிளப்பியது. தேய்த்துவிட்டுக் கழுவாத பொருட்களில் அதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. தொடு அலர்ஜியைப் பொறுத்தவரை பாராபென் மிகச் சாதுவான பதப்படுத்தி. சல்பேட் தோலை உலர்த்தும், எரிச்சல் தரும், அதற்கு மேல் இல்லை. ஆகவே, லேபிளில் அச்சிட்ட பெயரைவிட அச்சிடாமல் கலப்பதுதான் நம்மூரில் பெரிய ஆபத்து. பதப்படுத்தியே இல்லாமல் வீட்டில் செய்து டப்பாவில் அடைத்த கிரீமில் கிருமி வளரும், அதையும் பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் பார்லர்கள் இன்னும் சிலவற்றைச் சொல்வார்கள். முடி நேராக்கும் கெரட்டின் சிகிச்சையில் ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மூன்று முறையும் இந்தச் சிகிச்சைக்குப் பின் சிறுநீரகம் திடீரெனப் பாதித்ததை 2024இல் பிரான்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எலிகளில் செய்த சோதனையில் அமிலம் தோல் வழியே போய்ச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்களாகத் தங்குவது தெரிந்தது. சிறுநீரில் புரதம் இருக்கலாம் என்ற நிலையில் தங்கைக்கு இது கூடவே கூடாது. பத்து நிமிடத்தில் கறுப்பாகச் சிவக்கும் கூம்பு மருதாணியில் முடிச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம்; கொப்புளம் போடும், ஒருமுறை அலர்ஜி வந்தால் வாழ்நாள் முழுக்க பிபிடி உள்ள முடிச்சாயம் ஆகாது. அரைத்த மருதாணி இலை மணிக்கணக்கில் வைத்தால்தான் பிடிக்கும், முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும், மறுநாள்தான் கருஞ்சிவப்பாகும். அதுவே போதும். மேக்கப் போடுபவரிடம் அன்றைக்கு எந்த ஃபவுண்டேஷன், எந்த பிரைமர் என்று கேட்டு, பத்து நாள் முன்பே தாடையோரம் சின்ன இடத்தில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பூசிப் பாருங்கள். பழைய நிறம் அதற்குள் பெரும்பாலும் திரும்பியிருக்கும், முகத்தில் சிவப்பும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். சிவப்பை மறைக்கப் பச்சைச் சாயலுள்ள கன்சீலர் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சொல்வார்கள் என்று அம்மா பயப்பட்டால், முதலில் யூரின் ரிப்போர்ட்டை அம்மாவிடம் காட்டுங்கள்.